உள்ளபடி நிற்பது: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளே,

போன வாரம் இரவு பதினொரு மணிக்கு மேல் நீ போன் செய்தாய். பிள்ளை உன் தோளில் கிடந்து சிணுங்குவது எனக்குக் கேட்டது. "பெரியம்மா, இவன் பிறந்து அஞ்சு மாசமாச்சு. ஒரு ஆராதனையிலகூட முழுசா உட்காரல. பைபிளைத் திறந்தா ரெண்டு வசனத்துல தூங்கிப்போறேன். கர்த்தரை விட்டு ரொம்ப தூரம் போயிட்ட மாதிரி இருக்கு" என்றாய். "நான் ஜெபம் பண்ணிக்கிறேன், நீ தூங்கும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது போதாது என்று வைத்த உடனேயே தெரிந்தது. உன்னைப் போல் கைப்பிள்ளையோடு தவிக்கிற மற்றவர்களும் படிக்கட்டும் என்று நீயே சொன்னதால், எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லவேண்டும். நான் 22 வருடம் கோயில் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடினேன். அதை நீ பெருமையாகச் சொல்லிக்கொள்வாய். நீ அறியாத ஒன்று உண்டு. ஒரு குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள், ஒரு நகை விஷயமாக என் மதினிக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது. பேசக்கூடாத ஒரு வார்த்தையைப் பேசிவிட்டேன். மறுநாள் காலை ஓசன்னா பாடினோம். என் குரலில் ஒரு சுரம் பிசகவில்லை. ஆராதனை முடிந்ததும் மூன்று பேர் வந்து கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். மதினி கடைசி பெஞ்சிலிருந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனதையும் பார்த்தேன்.

அந்த வாரம் குடும்ப ஜெபத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகம், ஐந்தாம் அதிகாரம். "உன் பாட்டுகளின் இரைச்சலை என்னை விட்டு அகற்று" என்ற இடத்தை நான்தான் வாசிக்கவேண்டியிருந்தது. வாசித்து முடிக்க முடியவில்லை. இரைச்சல் என்று கர்த்தர் சொல்லியிருக்கிறார், பார். சுரம் பிசகாத பாட்டைத்தான் அப்படிச் சொல்கிறார். அடுத்த வசனத்திலேயே, நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டு வரட்டும் என்கிறார்.

பெரிய வியாழன் அன்று மதினி வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து உருவ ஆரம்பித்தேன். பாதிக் கீரை உருவின பிறகுதான் எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. அவர் ஒன்றும் பேசாமல் சுளகை என் பக்கம் தள்ளி வைத்தார். அன்று சாயங்காலம் திருவிருந்துக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். ஆராதனை என்றால் எனக்கு இன்றுவரை முதலில் ஞாபகம் வருவது அந்தத் திண்ணைதான்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஆராதனையைப் பற்றி ஆண்டவர் இயேசு சொன்ன மிகப் பெரிய வார்த்தையை எங்கே, யாரிடம் சொன்னார் என்று யோசித்துப் பார். எருசலேம் தேவாலயத்தில் சொல்லவில்லை, ஆசாரியரிடமும் சொல்லவில்லை. உச்சி வெயிலில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் எடுக்க வந்த ஒரு சமாரியப் பெண்ணிடம், கிணற்றடியில் சொன்னார். வீட்டு வேலைக்கு நடுவில் வந்தவள் அவள். எங்கே தொழுவது, எங்கள் முன்னோர் தொழுத மலையிலா, எருசலேமிலா என்று கேட்கிறாள். நீயும் என்னிடம் கிட்டத்தட்ட அதைத்தான் கேட்டாய். கோயிலில் உட்கார முடியவில்லையே, எங்கே தொழுவேன் என்று. அவர் இடத்தைச் சொல்லவே இல்லை. "ஆவியோடும் உண்மையோடும்" தொழவேண்டும் என்றார்.

அந்த "உண்மையோடும்" என்ற சொல்லுக்குக் கொஞ்சம் முன்னால் போய்ப் பார். எனக்குப் புருஷன் இல்லை என்று அவள் சொன்னபோது, அவள் வாழ்க்கை முழுவதையும் அறிந்தவராக ஆண்டவர், "இதை உள்ளபடி சொன்னாய்" என்கிறார். நம் தமிழ் வேதாகமத்தில் இந்த இரண்டு சொல்லும் இவ்வளவு பக்கத்தில் இருப்பதை நான் ஐம்பது வயதுக்கு மேல்தான் கவனித்தேன். உள்ளபடி இருப்பதுதான் உண்மை. சொல்லிலேயே அது இருக்கிறது. மறைத்துக்கொள்ள அவளுக்கு ஏகப்பட்டது இருந்தது. ஆனாலும் ஒரு சின்ன உண்மையைச் சொன்னாள். அங்கேயிருந்துதான் ஆண்டவர் தொழுகையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்.

அதனால் இரவு இரண்டு மணிக்குப் பால் கொடுக்கும்போது, நல்ல வார்த்தைகளைத் தேடாதே. "ஆண்டவரே, எனக்குத் தூக்கம் வருது, உம்மை நினைக்கக்கூட தெம்பில்லை" என்று சொல். அது உள்ளபடி. சங்கீதக்காரன், "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்டதையே ஆலயத்தில் பாட்டாகப் பாடினார்கள். 13ஆம் சங்கீதம், மொத்தமே ஆறு வசனம். 88ஆம் சங்கீதமோ ஆறுதல் இல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் வேதத்திலிருந்து எடுத்துப் போடவில்லை. (ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தச் சோர்வு நாள்கணக்கில் விடாமல் அழுத்தினால், தயங்காமல் டாக்டரிடம் சொல். பிள்ளை பெற்றவளுக்கு அது வருவதுண்டு, மருந்தும் உண்டு. அதை அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் என்னிடம் பேசச் சொல்.)

டோனாவூருக்கு உன்னைச் சின்ன வயதில் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? அங்கே பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தின மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895இல் இந்தியாவுக்கு வந்தவர். நம் திருநெல்வேலிப் பக்கம் ஊர் ஊராகப் போய்ச் சுவிசேஷம் சொல்லும் பெண்கள் குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். 1901இல், இந்துக் கோயிலுக்கு விடப்பட்டிருந்த ஒரு சிறுமி தப்பி வந்து அவரிடம் சேர்ந்தாள். அப்புறம் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள், கைக்குழந்தைகள் உட்பட. பாலுக்கும் துணிக்கும் ஆள் வேண்டும். ஊர் ஊராகப் போக முடியாமல் போயிற்று. இது வீண்தானோ, ஊழியம் நின்றுபோயிற்றோ என்ற கேள்வி அவருக்கும் வந்தது. பிள்ளைகள் தாயின் காலைக் கட்டிவிடும் என்று நம் பக்கத்தில் சொல்வதை எடுத்துக்கொண்டு, கட்டட்டும் என்று தன் கால்களைக் கொடுத்தார். துண்டைக் கட்டிக்கொண்டு சீஷருடைய கால்களைக் கழுவின ஆண்டவருக்கு முன்னால், சின்ன வேலை என்று எதையும் அவரால் சொல்ல முடியவில்லை. உன் காலையும் இப்போது ஒருவன் கட்டியிருக்கிறான். ரோமருக்கு எழுதின நிருபம் 12ஆம் அதிகாரத்தில் அப்போஸ்தலன் பவுல், சரீரத்தை ஜீவபலியாக ஒப்புக்கொடுப்பதே "புத்தியுள்ள ஆராதனை" என்கிறாரே. தூக்கமில்லாத உன் சரீரம், முதுகுவலி, ஈரத்துணி பிழிந்து காய்ப்புப் பிடித்த உன் கை, எல்லாம் அதில் சேர்த்திதான்.

அதற்காகக் கோயிலுக்குப் போகாமல் இருந்துவிடாதே. அதை நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். வீட்டிலேயே தொழலாம் என்று ஆரம்பித்து, வீட்டிலும் தொழாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை அழுதால் வாசலில் நின்று கேள். விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது வாசலிலிருந்தே சேர்ந்து சொல். யாராவது திரும்பிப் பார்த்து முகம் சுளித்தால் நீ கூச்சப்பட வேண்டாம். பிள்ளைகளைக் கொண்டுவந்தவர்களைச் சீஷர்கள் அதட்டினபோது, ஆண்டவர் சீஷர்கள்மேல்தான் விசனமடைந்தார்.

வீட்டில் ஒன்றே ஒன்று செய். வாரத்துக்கு ஒரு வசனம் போதும். அரிசி டப்பா மூடியில் எழுதி ஒட்டிவை. அரிசி எடுக்கும்போதெல்லாம் சத்தமாகச் சொல். உன் அம்மாச்சி அப்படித்தான் செய்வாள். அவளுக்கு எழுதத் தெரியாது, நான்தான் எழுதிக் கொடுப்பேன். சாகும்போது இருபது சங்கீதத்துக்கு மேல் மனப்பாடமாக இருந்தது அவளுக்கு.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். முருங்கைக்கீரை கொண்டுவருகிறேன், பால் கொடுக்கிறவளுக்கு நல்லது. ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சேர்ந்தே கோயிலுக்குப் போவோம். பையன் அழுதால் நான் வெளியே தூக்கிக்கொண்டு போகிறேன், நீ எழும்பாதே. திருவிருந்துக்கு மட்டும் வந்து என்னைக் கூப்பிடு.

அன்புடன்,
உன் பெரியம்மா