வெள்ளவத்தை பாமசிக்காரருக்கு: அந்த ஈரல் கப்சூலைக் கொஞ்சம் பின்னுக்கு வையுங்கோ

கொழும்பில வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் பாமசி நடத்துற ஐயாமார், அக்காமாருக்கு,

காசு குடுக்கிற இடத்துக்குப் பக்கத்திலயே இலைப்படம் போட்டு அடுக்கி வச்சிருக்கிற ஈரல் கப்சூல் போத்தலுகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். விக்க வேண்டாம் எண்டு சொல்ல வரேல்ல, கடை வாடகை நீங்கதான் கட்டோணும், ஆனா தினமும் குடிக்கிற ஆளுக்கு "இதைப் போட்டா ஈரலுக்கு ஒண்டும் வராது" எண்டு சொல்லிக் குடுக்காதேங்கோ.

சாராயத்தை ஈரல் முதல்ல அசெட்டல்டிஹைட் எண்ட நஞ்சாத்தான் மாத்தும். தொடர்ந்து குடிக்கிற ஆளுக்கு சிப்2ஈ1 எண்டொரு என்சைமும் கூடிக்கொண்டே போகும், அது சாராயத்தை எரிக்கேக்க ஃப்றீ ரடிக்கல் எண்ட கெடுதியான துணிக்கையளையும் சேத்துக் கக்கும், அதுகள் செல்லின்ர கொழுப்பைப் பிடிச்சு அரிக்கும். இதை அடக்க ஈரல் தானே க்ளூட்டாதயோன் எண்ட காவல் பொருளைச் செய்து வச்சிருக்கு. பிரச்சினை என்னெண்டா, அது செல்லுக்குச் சக்தி செய்து குடுக்கிற மைட்டோகொண்ட்ரியாவுக்குள்ள போய்ச் சேந்தாத்தான் வேலை, நாள்பட்ட குடி குழப்பிறதே அந்த வழியைத்தான். அப்ப ஃப்றீ ரடிக்கலை அடக்கும் எண்டு சொல்லுற அன்டிஒக்சிடன்ட்டைக் கப்சூலா மேல இருந்து அள்ளிப் போட்டு என்ன, ஒவ்வொரு பின்னேரமும் புதுசா நெருப்பு வைக்கிற ஆள் நிப்பாட்டேல்லையே.

சும்மா சொல்லேல்ல, செய்து பாத்தவை. குடியால சிரோசிஸ் (ஈரல் தழும்பாகி இறுகிறது) வந்த 200 பேரை வச்சு ஸ்பெயின்ல சிலிமரின் எண்ட, ஈரலுக்கெண்டு விக்கிற மூலிகைச் சத்தைக் குடுத்துப் பாத்தது 1998ல வெளிவந்தது, சாவு குறையேல்ல. விட்டமின் ஈயும் பெரிசா ஒண்டும் கிழிக்கேல்ல. ஒரு நல்ல சேதியும் இருக்கு: கடுமையான அல்கஹோல் ஹெபடைடிஸ் (குடியால வாற ஈரல் அழற்சி) வந்த 174 பேரில பிரான்ஸ்ல செய்த ஆய்வில (2011) ஸ்டீரொய்டோட என்-அசெட்டைல்சிஸ்டீனை (க்ளூட்டாதயோன் செய்ய உதவுற மருந்து) நரம்பில ஏத்தினவையில ஒரு மாசத்துக்குள்ள செத்தது 8 வீதம், ஸ்டீரொய்ட் மட்டும் எடுத்தவையில 24 வீதம். ஆனா 6 மாசத்தில அந்த வித்தியாசம் நிச்சயமாச் சொல்லுற அளவுக்கு நிக்கேல்ல. அதுவும் ஆஸ்பத்திரியில ஏத்துறது, உங்கட போத்தல் இல்ல.

எனக்கு உண்மையில கோபம் வந்தது வேற விசயத்தில. போன மாசம் ஒரு கடையில எனக்கு முன்னால நிண்டவர், கண் சிவந்து, வாயில மணம், "தலையிடி தாங்கேலாது அண்ணை, ஈரலுக்கும் ஏதும் தாங்கோ" எண்டார். கப்சூலும் ரெண்டு காட் பனடோலும் (பரசிட்டமோல்) பையில போட்டுக் குடுத்தாச்சு, ஒரு கேள்வி இல்ல. பனடோலில கொஞ்சத்தை அதே சிப்2ஈ1தான் நஞ்சாக்கும், அந்த நஞ்சைக் கட்டிப்போட வேண்டியதும் அதே க்ளூட்டாதயோன்தான். குடிக்கிறவருக்கு முன்னது கூட, பின்னது குறைவு. சரியாச் சாப்பிடாம இருந்தா இன்னும் மோசம். எங்கட ஆக்கள் பனடோலை மருந்தெண்டே கணக்கில எடுக்கிறேல்லை எண்டது உங்களுக்குத் தெரியாததே?

அதால கேக்கிறன், பனடோல் காட்டை நீட்ட முதல் "தினமும் குடிக்கிறனிங்களோ?" எண்டு மெதுவாக் கேளுங்கோ. ஓமெண்டா எத்தினை குளிசை மட்டும் எண்டு டொக்டரிட்டக் கேக்கச் சொல்லுங்கோ. வெறும் கொழுப்பு ஈரல் எண்டா குடியை விட்டுச் சில கிழமையில இறங்கும், அதையும் சொல்லுங்கோ. காலமை கை நடுங்குற ஆளெண்டா மட்டும் இண்டைக்கே விடு எண்டு சொல்லிப்போடாதேங்கோ, திடீரெண்டு விட்டா வலிப்பு வரலாம், நேர பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்கோ.

இப்படிக்கு,
உங்கட கடைக்கு வாற ஒரு ஆள்