தோடு தொலைந்த கதை

பெரியகல்லாறு,
ஞாயிறு இரவு

அன்புள்ள மகனுக்கு,

நானும் அப்பாவும் சுகம். வேளாண்மை வெட்டு முடிந்து நெல் மூடைகள் விறாந்தையில் அடுக்கிக் கிடக்கின்றன. இந்தக் கடிதத்தைக் கட்டாருக்கு வருகிற பொடியனிடம் கொடுத்துவிடுகிறேன். கூடவே வறுத்த கூனியும் ஒரு போத்தல் இருக்கிறது.

போன கிழமை நீ போனில் சொன்னது எனக்குள் கிடந்து அரிக்கிறது, மகன். "அம்மா, போனில் ஜெபம் பண்ணுகிற அந்த ஊழியக்கார ஐயா லைவில் என்ட பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வேலைத்தளத்தில் எனக்கு இருக்கிற பிரச்சினையைக்கூடச் சொன்னார். ஒரு மாதச் சம்பளத்தை விதைக் காணிக்கையாகப் போட்டால் கடனும் தீரும், கனடாவுக்கும் கதவு திறக்கும் என்றார்" என்றாய். நான் "சரி மகன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அப்படி நான் வாயை மூடியிருக்கக் கூடாது. ஆனால் அதற்குப் பதில் சொல்வதென்றால், இருபது வருஷத்துக்கு மேலாக நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை முதலில் சொல்ல வேண்டும்.

என்ட தோடு வாவியில் விழுந்து தொலைந்ததென்றுதானே உனக்குத் தெரியும். அது வாவியில் விழவில்லை.

உன் சின்ன மாமா 1990-இல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. அம்மம்மா சாகும்வரை இரவில் கதவுக்குத் தாழ்ப்பாள் போட விடமாட்டா. 2004 மார்கழி 26-இல் கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனது. அடுத்த வருஷம் நாங்கள் தகரக் கொட்டிலில் இருந்தோம். உனக்கு ஆறு வயது. அந்த நேரத்தில்தான் ஒருவர் வந்தார். நம்மட சபை ஆள் இல்லை. கையில் வேதாகமம், வெள்ளைச் சேட்டு, மெதுவான பேச்சு. கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "சகோதரி, நீலச் சேட்டுப் போட்ட ஒரு வாலிபனைக் காண்கிறேன். அவன் உயிரோடு இருக்கிறான்" என்றார்.

தம்பி கடைசியாகப் போட்டிருந்தது நீலச் சேட்டுத்தான்.

நாற்பது நாள் உபவாச ஜெபம், அதற்குத் தக்க காணிக்கை என்றார். கடல் எடுக்காமல் விட்டது என் காதில் கிடந்த தோடு மட்டும்தான். கலியாணத்துக்கு அம்மம்மா போட்டது. வருஷக்கணக்காகக் கழற்றாததால் சுரை இறுகிப்போய் இருந்தது. தேங்காயெண்ணெய் தடவி, காது மடல் சிவக்கச் சிவக்கத் திருகிக் கழற்றி அவர் கையில் வைத்தேன்.

அப்பாவிடம், குளிக்கும்போது வாவிக்குள் விழுந்துவிட்டது என்றேன். பாவம் மனிசன், இரண்டு பின்னேரம் முழங்கால் தண்ணீரில் நின்று சேற்றைக் கையால் அள்ளி அள்ளித் தேடினார். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தோடு போனதைவிட அதுதான் இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது. ஒருவர் என்னை ஏமாற்றினார். மறுகா நான் அப்பாவை ஏமாற்றினேன்.

நாற்பதாம் நாள் இரவு நீ தூங்கின பிறகு வாசலில் விளக்கோடு குந்திக்கொண்டிருந்தேன். விடியும்வரை நாய்கூட அந்த வழியால் வரவில்லை. அந்த ஆளையும் பிறகு காணவில்லை. நிவாரண வரிசையில் நின்றபோது பக்கத்துப் பெண்ணிடம் தம்பியின் நீலச் சேட்டைப் பற்றி நானே சொல்லி அழுததும், அந்த ஆள் எங்களுக்குப் பின்னால் நின்றதும் மாதங்கள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது.

நீயும் யோசித்துப் பார். உன் பெயரும் வேலைத்தளத்துப் பிரச்சினையும் அந்த லைவ் ஐயாவுக்கு எப்படிப் போயிருக்கும்? ஜெப விண்ணப்பம் என்று எங்கேயாவது எழுதினாயா? யாருடைய குழுவிலாவது குரல் பதிவு போட்டாயா? அப்படி ஒன்றும் இல்லையென்றாலும், உண்மையைச் சொன்னார் என்பது மட்டும் போதாது மகன். உபாகமம் 13-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார். ஒருவன் சொன்ன அடையாளம் நடந்தே போனாலும், அவன் உன்னை வேறு தேவர்கள் பக்கம் இழுத்தால் அவனுக்குச் செவிகொடாதே என்றுதான் இருக்கிறது. சம்பளத்தைக் கொடுத்து விசாவை வாங்குகிற இடத்தில் எந்தத் தேவன் இருக்கிறார்?

எலிசா தீர்க்கதரிசியை நினைத்துக்கொள். குஷ்டரோகியாக இருந்த படைத்தலைவன் நாகமான் குணமான பிறகு எவ்வளவோ வருந்திக் கேட்டும் அவர் ஒரு சல்லி வாங்கவில்லை. பின்னால் ஓடிப்போய் இரண்டு தாலந்து வெள்ளி வாங்கியது எலிசாவின் வேலைக்காரன் கேயாசி. அவனுக்குக் கிடைத்தது குஷ்டம். "இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்" என்பது ஆண்டவருடைய வாய்ச்சொல். 1814-இல் நம்மட மட்டக்களப்புக்கு வந்த மிஷனரி வில்லியம் ஓல்ட் ஐயா, வருகிற வழியிலேயே மனைவியைக் கடலில் பறிகொடுத்தவர். அடுத்த வருஷமே அவரும் இங்கே கண்மூடினார். ஊழியக்காரருக்கே துன்பம் விலகாதபோது, காசு போட்டால் உனக்கு எல்லாம் விலகும் என்று ஒருவர் எப்படிச் சொல்லலாம்?

சோதனை என்றால் குடி, கூத்து என்று நான் நினைத்திருந்தேன். அவைகளைப் பற்றி உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தந்தேன். ஆனால் நான் விழுந்தது என் தம்பிமேல் வைத்த பாசத்தில். ஆண்டவர் நாற்பது நாள் பசித்திருந்தபோது பிசாசு கொண்டுவந்தது அப்பத்தைப் பற்றிய பேச்சு. அப்பம் பாவமா? அடுத்ததாக அவன் 91-ஆம் சங்கீதத்தையே எடுத்துச் சொன்னான். வசனம் சொல்கிறார் என்பதற்காக ஒருவரை நம்பக் கூடாதென்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததற்குப் பிறகு கோயில் வாசலில் பைகளைத் திறந்து பார்க்கப் பழகிக்கொண்டோம். காதுக்குள் போவதை யார் பார்ப்பது? அதை நீதான் பார்க்க வேண்டும்.

வெல்லாவெளிப் பக்கம் வயல் செய்த காலத்தில் அப்பா பரணில் காவல் கிடப்பார். யானை நடுச்சாமத்தில் வராது என்பார். காவல்காரன் தேத்தண்ணி குடித்து, நெருப்பை மூட்டி, இனி விடியப்போகிறது என்று தலையைச் சாய்க்கிற நேரத்துக்குத்தான் வருமாம். அவ்வளவு பெரிய உடம்பு, சத்தமே கேட்காதாம். கதிர் முறிகிற சத்தத்தில்தான் தெரியுமாம். அதனால் ஒரு பரணில் இரண்டு பேர். ஒருவர் கண்ணயர்ந்தால் மற்றவர் முழித்திருப்பார்.

உனக்கு அங்கே அந்த மற்றவர் யார்? வெள்ளிக்கிழமை ஆராதனைக்குப் போவதை ஓவர்டைமுக்காக விட்டுவிட்டேன் என்றாய். எனக்குப் பயம் அங்கேதான். வேலை முடிந்து அலுத்துப்போய்க் கட்டிலில் சாய்ந்து, இருட்டில் போன் வெளிச்சம் மட்டும் முகத்தில் விழ நீ தனியே கேட்கிற குரல்களை நினைத்துத்தான் எனக்கு நித்திரை வருகுதில்லை.

"விழித்திருங்கள்" என்று எழுதின பேதுரு, கெத்செமனேயில் தூங்கினவர். ஒருமணி நேரம்கூட அவரால் முழித்திருக்க ஏலவில்லை. அடிபட்டுக் கற்றுக்கொண்டவரின் சொல் அது. அதற்கு முந்தின வசனத்தையும் சேர்த்து வாசி: "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்." கவலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியால்தான் நான் கண்டவரிடமும் அதைக் கொடுத்தேன்.

இந்த மாதம் அந்தக் காசை அனுப்பாதே. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் என்னிடம் சொல். நான் கோபப்பட மாட்டேன். என்னைப்போல ஒளிக்க மட்டும் வேண்டாம். கடனைப் பற்றியும் வெட்கப்படாமல் பேசு, நெல் விற்ற காசு கொஞ்சம் இருக்கிறது.

இதை எழுத உட்காரும் முன் அப்பாவிடம் தோட்டுக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்போ தண்ணிக்குள்ள விழல்லையா?" என்றார். இல்லை என்றேன். எழுந்து போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டார். பிறகு அவரே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, "மகனுக்கு எழுது" என்றார்.

வெள்ளிக்கிழமை ஆராதனை முடிந்ததும் போன் எடு. அப்பாவும் பக்கத்தில் இருப்பார்.

அன்புடன்,
அம்மா