மெமோ கொடுப்பதற்கு முன்

திண்டுக்கல்,
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. நீ தலைமையாசிரியை ஆனதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நேரில் வந்து சொல்கிறேன். இப்போது அந்தக் கணக்கு டீச்சர் விஷயம். இருபது வருஷம் ஒரு குறையும் இல்லாமல் வேலை பார்த்தவர், 48 வயது, இந்த வருஷம் இறைவணக்கக் கூட்டத்துக்கு வருவதில்லை, பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே எழுந்து போகிறார், பிள்ளைகள் பேரை மாற்றிக் கூப்பிடுகிறார், மெமோ கொடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்காதே மல்லி. அதைச் சொல்லத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன்.

உன்னிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். போன வருஷம் எனக்கு இரண்டு மாதம் மாதவிலக்கு வராது, வந்தால் பத்து நாளுக்கு நிற்காது. பேங்கில் கேஷ் கேபினில் உட்கார்ந்துவிட்டால் நினைத்த நேரத்தில் எழுந்து போக முடியாது. பணத்தையெல்லாம் பெட்டியில் வைத்துப் பூட்டி, கேபினையும் பூட்டி, சாவியோடுதான் வெளியே வரவேண்டும். அன்று மாதத்தின் முதல் வாரம், பென்ஷன்காரர்கள் வரிசை வாசல்வரை நின்றது. பதினொன்றரை மணிக்குப் புடவையில் ஈரம் தெரிந்தது. எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று ஒரு மணிவரை அப்படியே உட்கார்ந்து நோட்டு எண்ணினேன். எண்ணும்போதே நெஞ்சிலிருந்து குப்பென்று சூடு கிளம்பிக் கழுத்து, முகம் எல்லாம் வியர்த்துக் கொட்டியது. சாயங்காலம் கணக்கு முடித்தபோது 4,500 ரூபாய் குறைந்தது. கையிலிருந்து கட்டினேன். “கவனம் இல்லேன்னா கேஷ்ல எதுக்கு உக்காரறீங்க?” என்று அப்போதிருந்த மானேஜர் எல்லோர் முன்னாலும் கேட்டார். பணம் போனதைவிட அந்தக் கேள்விதான் பல நாள் தூங்கவிடவில்லை.

அப்புறம்தான் டாக்டரிடம் போனேன். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.6தான், ரொம்பக் குறைவு. மாதவிலக்கு நிற்கப்போகிற வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறையும்போது, உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்கிற மூளைப் பகுதி சின்ன மாற்றத்துக்கே சூடு அதிகமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுமாம். அதனால்தான் அந்த வியர்வை. ராத்திரி இரண்டு மணிக்கு ஜாக்கெட் நனைந்து எழுந்தால் அப்புறம் விடியும்வரை கொட்டக் கொட்ட விழிப்புதான். அப்படி ஒரு வாரம் போனால் யாருக்குத்தான் பேர் ஞாபகம் இருக்கும்? தொடர்ந்து 12 மாதம் மாதவிலக்கு வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டதாகக் கணக்கு. அதற்கு முந்தைய சில வருஷம்தான் பெரும்பாடு. நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது என்கிறார்கள். உன் கணக்கு டீச்சர் வயதைப் பார்.

அடுத்து வந்த மானேஜர் சின்னப் பையன், முப்பத்தைந்து இருக்கும். துணிந்து அவரிடம் சொன்னேன். காது சிவந்துவிட்டது அவருக்கு. ஆனாலும், “என்ன செஞ்சா உங்களுக்கு வசதியா இருக்கும் மேடம்?” என்று கேட்டார். முதல் வாரம் மட்டும் என்னைக் கடன் பிரிவுக்கு மாற்றினார். மற்ற நாளில் நான் கை காட்டினால் பக்கத்து கவுண்ட்டர்காரர் வந்து பத்து நிமிஷம் பார்த்துக்கொள்வார். தூங்காத ராத்திரிக்கு மறுநாள் அரைமணி தாமதமாக வந்து, சாயங்காலம் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போவேன். ஒரு மேஜை விசிறி. இவ்வளவுதான் மல்லி. அதற்கப்புறம் ஒரு நாளும் பணம் குறையவில்லை.

கர்நாடகத்தில் 2025இல் மாதம் ஒருநாள் சம்பளத்தோடு மாதவிடாய் விடுப்பு கொண்டுவந்தார்கள், 18 முதல் 52 வயதுவரை. நல்ல காரியம். ஆனால் நம் வயதில் எந்த நாள் வரும், எத்தனை நாள் இருக்கும் என்று சொல்ல முடிவதில்லை. நின்ற பிறகும் பலருக்கு வியர்வையும் தூக்கமின்மையும் உடனே போவதில்லை. நமக்கு முழு நாள் லீவைவிட, வேலைக்கு நடுவில் கொஞ்சம் தளர்வுதான் அதிகம் தேவை. இங்கிலாந்தில் லீட்ஸில் இருக்கும் என் நாத்தனார், அங்கே 2024 ஏப்ரல் முதல் வேலையில் சேர்ந்த அன்றே நேரத்தை மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கேட்கலாம், இரண்டு மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும் என்றாள். தருவார்களோ மாட்டார்களோ, கேட்பது தப்பில்லை என்று சட்டமே சொல்கிறது பார். இங்கே நாம் கேட்கவே கூசுகிறோம்.

நீ கேள். அவர் வாய் திறக்கக் காத்திருக்காதே. கிளார்க் இல்லாத நேரமாக, உன் அறையில் உட்காரவைத்துக் கேள். அந்தரங்கம் எதையும் தோண்டாதே. எதை மாற்றினால் வசதியாக இருக்கும் என்று மட்டும் கேள். தைராய்டாக இருக்கலாம், வீட்டில் வேறு கஷ்டமாக இருக்கலாம். நீயாக ஒரு முடிவு கட்டிவிடாதே.

கால அட்டவணை உன் கையில்தானே இருக்கிறது. முதல் பாடவேளையை ஓய்வாக மாற்று. மாடி வகுப்புக்குப் பதில் கீழ் வகுப்பு கொடு. வெயிலில் கூட்டத்தில் நிற்பதற்குப் பதில் வராந்தா நிழலில் நிற்கட்டும். வகுப்பில் உட்கார்ந்து பாடம் நடத்தினால் குறையாக எழுதாதே. கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் நம் மாநிலத்திலேயே சட்டம் கொண்டுவந்தோம். டீச்சருக்கு மட்டும் நாற்காலி ஆகாதா?

இன்னொன்று. ஆண்டு விழாவுக்கு வந்தபோது பார்த்தேன். டீச்சர்கள் கழிப்பறை மைதானம் தாண்டி பம்ப் ரூமுக்குப் பின்னால் இருக்கிறது. சாவி அலுவலகத்தில், கிளார்க் தலைக்கு மேல் ஆணியில் தொங்குகிறது. அவசரத்தில் போகிற ஒரு பெண் தினம் நாலு தடவை அவரிடம் போய்ச் சாவி கேட்க வேண்டும். அதை நாளைக்கே ஸ்டாஃப் ரூமுக்கு மாற்றிவிடு. இதற்கு எந்த உத்தரவும் தேவையில்லை.

நாலு பக்கக் கடிதத்தில் உன் உடம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே மல்லி. உனக்கும் என் வயதுதான். ராத்திரி தூங்குகிறாயா? ரத்தப் பரிசோதனை செய்தாயா? மறைக்காமல் எழுது. அந்த டீச்சர் என்ன சொன்னார் என்பதையும் எழுது.

அன்புடன்,
ஜெயா