பெயரில்லாத ‘செட்’ மாத்திரைகளை நிறுத்துங்கள்

மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். “மூட்டு வலிக்கு ரெண்டு வேளைக்கு செட் போட்டுக் குடுங்க” என்று கேட்டால் பல மருந்துக் கடைகளில் என்ன தருகிறார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை ஒன்று, ஒரு அல்சர் மாத்திரை, கூடவே பிரெட்னிசோலோன் அல்லது டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஒன்று. பெயர் தெரியாதபடி அட்டையைக் கத்தரித்து, காகித உறையில் போட்டுத் தருகிறார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘ஷெட்யூல் எச்’ மருந்து அந்த ஸ்டீராய்டு.

வாங்குபவர், இதயத்துக்கு டிகாக்சினும் நீர் பிரிய ஃபுரோசமைடும் சாப்பிடும் இதய நோயாளியாக இருந்தால்? ஃபுரோசமைடு ஏற்கெனவே பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும். பிரெட்னிசோலோன் சேர்ந்தால் இழப்பு கூடும். ரத்தத்தில் பொட்டாசியம் இயல்பின் கீழ் எல்லையான 3.5-க்குக் கீழே இறங்கினால், இதயத் தசையில் டிகாக்சினின் பிடி இறுகும். நேற்று வரை ஒத்துக்கொண்ட அதே 0.25 மில்லிகிராம் இன்று நஞ்சாகும். பசி போகும், குமட்டும், பார்வை மஞ்சளடிக்கும், துடிப்பு தாறுமாறாகும். குமட்டலைப் பித்தம் என்று நினைத்து மறுபடி அதே கடைக்குத்தான் போவார்கள்.

இதயத்தில் செயற்கை வால்வு வைத்து, ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் சாப்பிடுபவருக்கு ஸ்டீராய்டு தொடங்கிய ஒரு வாரத்துக்குள் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு) ஏறலாம். செட்டில் உள்ள டைக்ளோஃபினாக் இரைப்பையைப் புண்ணாக்கும். உள்ளே ரத்தம் கசிந்து, மலம் கறுத்து அவசரப் பிரிவுக்கு வருபவரிடம் என்ன மாத்திரை என்று கேட்டால், “சின்னதா, வெள்ளையா இருந்துச்சு” என்பார். பணி மருத்துவர் அதை வைத்து என்ன முடிவெடுப்பார்? மூன்று வாரத்துக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டவருக்கு அதைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது. உடலுக்குள் ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி ஓய்ந்திருக்கும், ரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

சீட்டில்லாமல் ஸ்டீராய்டு விற்பதை நிறுத்துங்கள். உதிரியாக எந்த மாத்திரை கொடுத்தாலும் உறையில் பெயரும் அளவும் எழுதச் செய்யுங்கள். உரிமத்தையும் குளிர்பெட்டியையும் பார்ப்பதோடு ஆய்வு முடிந்துவிடக் கூடாது. கத்தரித்த அட்டைகள் கிடக்கும் டப்பாவையும் திறந்து பாருங்கள்.

கடைக்காரரை மட்டும் சொல்லிப் பயனில்லை. மருத்துவரைப் பார்க்கப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்பதால்தானே மூட்டு வலிக்காரர் கடை வாசலில் நிற்கிறார்! மாலை நேர வெளிநோயாளர் பிரிவு ஊருக்கு ஊர் இருந்தால் பாதிப் பேர் செட் கேட்கவே மாட்டார்கள். அது வேறு துறையின் பொறுப்பு என்பது புரிகிறது.

தங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறோம்: சீட்டில்லாமல் ஸ்டீராய்டு கூடாது, பெயரில்லாமல் மாத்திரை கூடாது. இதை எல்லாக் கடைகளுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பி, மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மருத்துவமனை மருந்தாளுநர்கள் சிலர்