டெக்கை வெட்டுவதற்கு முன்னால்

காசிமேடு

அன்புள்ள தம்பிக்கு,

நைனா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீ போனில் சொன்னதிலிருந்து உன் படகு நினைப்பாகவே இருக்கிறது. பெட்ரோல் போடும்போது நாசில் டக் டக்கென்று நின்றுவிடுகிறது, கொஞ்சம் அவசரப்பட்டால் வாய் வழியாகவே கக்குகிறது என்றாய். மீட்டர் முள் எப்போது பார்த்தாலும் காலி என்கிறது என்றாய். டெக்கை வெட்டி டேங்கை வெளியே எடுத்தால்தான் ஆகும் என்று அங்கே ஒரு மெக்கானிக் சொல்லிவிட்டார், முதலாளியும் தலையாட்டிவிட்டார் என்றும் சொன்னாய்.

முதலாளியிடம் மரியாதையாகப் பேசி இரண்டு நாள் தவணை கேள். பைபர் டெக்கை ஒருமுறை வெட்டினால், எப்படி ஒட்டினாலும் தண்ணீர் இறங்க ஒரு வழி ஏற்பட்டுவிடும். நீ சொல்கிற இரண்டு கோளாறுமே பெரும்பாலும் டேங்குக்கு வெளியேதான் இருக்கும். இரண்டும் ஒரே கோளாறு என்றும் நினைக்காதே. தனித்தனியாகப் பார். போனில் சொன்னால் பாதி மறந்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன். படகிலேயே வைத்துக்கொள்.

முதலில் ஏர் பைப். டேங்குக்குள் எண்ணெய் இறங்க வேண்டுமானால் உள்ளே இருக்கிற காற்று வெளியே போயாக வேண்டும். அது போகிற வழி அடைத்திருந்தால், வாய் குறுகிய பாட்டிலில் தண்ணீர் பிடிக்கிற மாதிரி, காற்று எண்ணெய் வருகிற வழியிலேயே முட்டிக்கொண்டு மேலே வரும். நாசில் முனையில் உள்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும், பார்த்திருப்பாய். எண்ணெயோ நுரையோ ஏறி அந்த ஓட்டையை மூடினால் நாசில் தானாக நின்றுவிடும். டேங்க் நிரம்பினாலும் அதே கதைதான், காற்று எதிர்த்து வந்தாலும் அதே கதைதான். நாசிலுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால் பங்க்கில் இருப்பவர் மேல் கோபப்படாதே.

அந்த ஏர் பைப் படகின் பக்கவாட்டில், மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வெளியே வரும். வாயில் ஒரு சின்ன வலை இருக்கும். அதில் உப்பு பூத்து அடைக்கும், குளவி மண் வைக்கும், சிலந்தி கூடு கட்டும். இங்கே மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும். 61 நாளும் போட்டுகளைக் கரையேற்றி பெயின்ட் அடிப்பார்கள். தடை முடிந்து தொழிலுக்குக் கிளம்புகிற வாரத்தில் 'நைனா, டேங்க் எண்ணெய் வாங்க மாட்டேங்குது' என்று யாராவது வந்து நிற்பார்கள். நான் டூல் பெட்டியைத் திறப்பதே இல்லை. நேராகப் போய் அந்த வலையைப் பார்ப்பேன். பெயின்ட் மூடியிருக்கும். ஒரு ஊசி போதும். உன் முதலாளி சமீபத்தில் பெயின்ட் அடித்தாரா என்று கேள்.

வலை சுத்தமாக இருந்தால், வெளி முனையிலிருந்து ஏர் பைப் ஹோஸைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் எண்ணெய் போட்டுப் பார். கழற்றின முனையைப் படகுக்கு வெளியே, டேங்குக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொள். எண்ணெய் சீராக இறங்கினால் குற்றம் அந்த முனையில்தான். இறங்காவிட்டால் ஹோஸைக் கையால் தடவிக்கொண்டே டேங்க் வரைக்கும் போ. எங்கேயாவது மடிந்திருக்கும், இல்லை பலகைக்கு அடியில் நசுங்கியிருக்கும். இன்னொன்று, ஹோஸ் நடுவில் தொய்ந்து தொங்கினால் அந்தப் பள்ளத்தில் பெட்ரோல் தேங்கி காற்றை மறித்துவிடும். இது கண்ணுக்கே தெரியாது. ஹோஸ் டேங்கிலிருந்து வெளி முனை வரைக்கும் ஏறுமுகமாகவே போக வேண்டும். தொய்வை இழுத்துக் கட்டி கிளாம்ப் போடு. நிரப்புகிற பெரிய ஹோஸுக்கும் இதே விதிதான், அது இறங்குமுகமாகவே போக வேண்டும். அது வழக்கமாக ஒன்றரை இன்ச், ஏர் பைப் 5/8 இன்ச். மாற்ற வேண்டி வந்தால் ஒல்லியான ஹோஸ் கொடுத்து ஏமாற்றுவார்கள், வாங்காதே. பழைய ஹோஸாக இருந்தால் உள்தோல் உரிந்து மடங்கி வழியை அடைப்பதும் உண்டு.

கம்ப்ரசர் காற்றை மட்டும் டேங்குக்குள் விடவே விடாதே. அந்த டேங்குகள் அழுத்தம் தாங்குகிறவை இல்லை, பிளந்துவிடும். ஹோஸின் இரண்டு முனையையும் கழற்றித் தனியாக ஊது.

ஏர் பைப்தான் குற்றவாளியா என்று கடலிலேயே ஒரு சோதனை செய்யலாம். முழு வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடியபிறகு எஞ்சின் இழுவை குறைகிறதா பார். குறைந்தால் நிறுத்திவிட்டு நிரப்புகிற மூடியைத் திற. உஸ்ஸென்று காற்று உள்ளே போய், அப்புறம் எஞ்சின் பழையபடி ஓடினால், டேங்க் மூச்சு முட்டியிருக்கிறது என்று அர்த்தம். இதைத் தெரியாமல் பில்டரையும் பம்பையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், பாவம்.

அங்கே வெயில் கொடுமையானது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். வாய் வரைக்கும் நிரப்பாதே. 200 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடு ஏறினால் கிட்டத்தட்ட 4 லிட்டர் பெருக்கும். அது ஏர் பைப் வழியாகக் கடலில்தான் வழியும். எப்போதும் இருபதில் ஒரு பங்கு காலியாக விடு.

அடுத்தது முள். முள் காட்டுவதற்கு மூன்று வேண்டும்: மீட்டருக்கு கரன்ட், டேங்கின் மேலே இருக்கிற மிதவை யூனிட் (எண்ணெய் மட்டத்தை மீட்டருக்குச் சொல்வது), அதற்கு ஒரு நல்ல எர்த். உப்புக்காற்றில் முதலில் சாவது எர்த்தான். நான் பார்த்த வரைக்கும் பாதிக்கு மேல் கோளாறு அந்தக் கறுப்பு வயர் முனையில் பூத்த பச்சைக் களிம்புதான். எமரித்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவு. அதிலேயே முள் எழுந்தாலும் எழும்.

எழாவிட்டால் டாஷ்போர்டுக்குப் பின்னால் போ. மீட்டரில் ஐ, ஜி, எஸ் என்று மூன்று முனை இருக்கும். ஐ கரன்டுக்கு, ஜி எர்த்துக்கு, எஸ் மிதவை யூனிட்டுக்கு. ஐ முனையில் 12 வோல்ட் வருகிறதா பார். அப்புறம் எஸ் முனையில் இருக்கிற வயரைக் கழற்று, முள் காலிக்குப் போக வேண்டும். எஸ்ஸையும் ஜியையும் ஒரு துண்டு வயரால் தொடு, முள் முழுசுக்கு ஏற வேண்டும். ஏறினால் மீட்டர் நல்லது. இந்தச் சோதனையை மீட்டர் பக்கத்தில் மட்டும்தான் செய்ய வேண்டும். டேங்கின் மேல் போய் வயரைத் தொட்டுப் பார்க்காதே தம்பி. ஒரு பொறி போதும்.

மீட்டர் நல்லது என்றால் யூனிட்டைப் பார். டெக்கில் ஒரு வட்ட மூடி இருக்கும், திருகினால் கழன்று வரும். டெக்கை வெட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் காரணம். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்டு, மூக்கில் பெட்ரோல் வாடை இல்லை என்று தெரிந்தபிறகு, பேட்டரியை அணைத்துவிட்டு, யூனிட்டின் வயர்களைக் கழற்றி மல்டிமீட்டரை ஓம்ஸில், அதாவது மின்தடை அளக்கிற இடத்தில், வைத்துப் பார். அமெரிக்க வகை காலியில் 240, பாதியில் நூறு சொச்சம், முழுசில் 33 காட்டும். ஐரோப்பிய வகை தலைகீழ், காலியில் 10, முழுசில் 180. மீட்டர் ஒரு வகை, யூனிட் இன்னொரு வகை என்று யாராவது மாட்டியிருந்தால் முள் ஒருநாளும் உண்மை பேசாது. நான் மேலே சொன்ன எஸ், ஜி சோதனையும் அமெரிக்க வகைக்கானது. உன் முள் காலியிலேயே கிடப்பதைப் பார்த்தால் வயர் எங்கேயோ அறுந்திருக்கிறது, இல்லை மிதவையில் எண்ணெய் புகுந்து அமுங்கியிருக்கிறது. யூனிட்டை மாற்றினால் ஐந்து ஸ்குரூ ஓட்டையும் ஒரே ஒரு திசையில்தான் பொருந்தும். பொருந்தவில்லை என்று புது ஓட்டை போடாதே, திருப்பி வைத்துப் பார்.

எல்லாம் சரியான பிறகும் முள்ளை முழுசாக நம்பாதே. உன் டேங்க் அடியில் குறுகி மேலே அகலமாக இருக்கிறது என்றாய். அப்படியானால் முள் பாதியில் நிற்கும்போது உள்ளே பாதிக்கும் குறைவுதான் இருக்கும். ஓடும்போது அணியம் (முன்பக்கம்) தூக்கிக்கொண்டு எண்ணெய் அமரப் பக்கம் (பின்பக்கம்) போய்விடும், அப்போது காட்டுவதும் கணக்கில்லை. படகு அசையாமல் நிற்கும்போது பார். எத்தனை லிட்டர் போட்டாய், எத்தனை மணி ஓடினாய் என்று ஒரு நோட்டில் எழுதி வை. போகிறதுக்கு மூன்றில் ஒரு பங்கு, வருகிறதுக்கு ஒரு பங்கு, மீதி ஒரு பங்கைத் தொடவே கூடாது.

இவ்வளவு சொல்வதற்குக் காரணம் உனக்கே தெரியும். எண்ணெய் தீர்ந்த படகு நீரோட்டம் இழுத்த பக்கம் போகும். நாட்டு எல்லைக்கோடு தண்ணீரில் வரைந்து வைத்ததில்லை. எல்லை தாண்டி அந்தப் பக்கம் பிடிபட்டவர்களின் வீட்டுப் பெண்கள் இங்கே ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கியதை நீயும் சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். அம்மாவை அந்த வரிசையில் நிற்க வைக்கக் கூடாது.

பெட்ரோல் போடும்போது எஞ்சின், பேட்டரி இரண்டையும் அணை. நாசில் எப்போதும் வாயைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். கேனில் பிடித்தால் கேனைத் தரையில் வைத்துப் பிடி, படகில் வைத்துப் பிடிக்காதே. போட்டு முடித்ததும் டேங்க் மூடியை மூடிவிட்டு, டெக்கில் இருக்கிற மூடிகளைத் திறந்து காற்றோட விட்டு, அப்புறம்தான் ஸ்டார்ட் செய்.

வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே. அன்றைக்கு ஏர் பைப் முனையையும், மீட்டரின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. ஓம்ஸ் எவ்வளவு காட்டியது என்றும் எழுது. அதைப் பார்த்துவிட்டு எந்த யூனிட் வாங்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். அதுவரைக்கும் தூரத் தொழிலுக்குப் போகாதே.

உன் நைனா