தட்டச்சு சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியருக்கு, இளைஞர்கள் வாட்ஸ்அப்பில் தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதுவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மொழிப்பற்று இல்லை என்று அவர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்கள் கிண்டலடிப்பதும் மீம்ஸ் போடுவதும் தமிழில்தான். எழுத்து மட்டும்தான் வேறு. தமிழில் தட்டச்சு செய்ய அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தோம்?

போன வாரம் என் பேத்தி அனுப்பிய செய்தியில் இருந்தது பழமா, பலமா, பாலமா என்று புரியாமல் கடைசியில் போன் செய்துதான் கேட்டேன். (பழம்தான்.) தமிழில் தட்டச்சு செய்வதற்கான தமிழ்99 விசைப்பலகை அமைப்பைத் தமிழக அரசு 1999-லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் என்பதால் பழகுவதும் சுலபம். 6-ஆம் வகுப்பிலிருந்து வாரம் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம்.