தம்பிக்கு, அம்மா எழுதுவது

சுங்கை சிப்புட்

அன்பு மகனுக்கு,

அப்பாவின் கால் வீக்கம் இறங்கிவிட்டது. அக்கா பிள்ளைக்குக் காது குத்து நல்லபடியாக முடிந்தது. நீ வராததை மாமா இரண்டு தடவை கேட்டார், வேலை என்று சொல்லி வைத்தேன். போனில் கூப்பிட்டால் "அப்புறம் பேசறேம்மா" என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு வந்தபோது இளைத்துப் போயிருந்தாய். கைப்பேசியில் சோறு வாங்குவதை முதலில் நிறுத்து, சாமி. சோற்று விலை ஒன்று, கொண்டு வருகிற கூலி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் பசாருக்குப் போ. கோழியை முழுதாக வாங்கி அங்கேயே வெட்டச் சொல். நாலு பொட்டலமாகக் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்தால் வாரம் ஓடிவிடும், கழுத்தும் எலும்பும் ரசத்துக்கு ஆகும். முட்டை மானியம் 2025 ஆகஸ்டோடு போய்விட்டது, ஆனாலும் கடைச் சாப்பாட்டைவிட முட்டை மலிவுதான். மத்தியானத்துக்குக் கட்டிக்கொண்டு போ. உன் அப்பா முப்பது வருஷம் மங்குச் சோறு கொண்டுபோனவர், அதில் வெட்கம் இல்லை.

சோறு வெந்ததும் குக்கர் சுவிட்சை அடைத்துவிடு. ஏர்கோனை 25இல் வைத்துக் காற்றாடியைச் சுழலவிடு, ஏர்கோன் வலையை எடுத்துக் கழுவு. 2025 ஜூலையில் மின்கட்டணம் மாறியதிலிருந்து, மாதம் 1,000 யூனிட்டுக்கு மேல் போகாத வீடுகளுக்கு பில்லில் கழிவு தருகிறார்கள். குறைவாக எரித்தால் யூனிட்டுக்குக் கிடைக்கிற கழிவும் கூடும். பெட்ரோல் போடப் போகும்போது மைகார்டு அடையாள அட்டையை மறக்காதே, அதைக் காட்டினால் மானிய விலை கிடைக்கும். கைப்பேசியில் சோறு வாங்காதே.

எதிர் வீட்டு டீச்சரிடம் கிரெடிட் கார்டைப் பற்றிக் கேட்டேன். பொதுவாகத்தான் கேட்டேன். ஐயாயிரம் வெள்ளி பாக்கி இருந்து, வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு என்றால் மாதம் 75 வெள்ளி வட்டிக்கே போய்விடுமாம். நூற்றுக்கு ஐந்து என்று குறைந்தபட்சமாக 250 கட்டினால் அசலில் 175தான் குறையும். அதே கார்டில் மறுபடியும் சாமான் வாங்கினால் அந்த 175உம் ஏறிவிடும். நான் விளக்கை அணைத்து அணைத்து மிச்சம் பிடிக்கிற பத்து வெள்ளி அந்த 75க்கு எந்த மூலைக்கு? வட்டி ஓடுகிற கடன் யாருக்கு இருந்தாலும் அதைத்தான் முதலில் அடைக்க வேண்டும்.

நம் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பிள்ளை நீ. கோயில் மண்டபத்தில் உனக்கு மாலை போட்டபோது பாட்டி அழுதது உனக்கு நினைவிருக்கும். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்ற தோட்டத் துண்டாடல் காலத்தில், அமைச்சராக இருந்த நம் ஊர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் சேர்த்தபோது, ரப்பர் பால் வெட்டின கூலியில் மாதம் பத்து வெள்ளி கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கியவர் பாட்டி. 1960இல் ஆரம்பித்த அந்தத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் மறு வருஷமே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. பத்துப் பத்தாகக் கட்டித் தோட்டம் வாங்கிய சனம் நாம். அந்த வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கணக்கை எழுதி வைக்காமல் மனதுக்குள்ளேயே போட்டுப் புழுங்குகிறாய்.

உன் பெயருக்கு இங்கே கடிதங்கள் வருகின்றன. நான் பிரிக்கவில்லை. தபால்காரரிடம் நானே வாங்கி டிராயரில் வைத்திருக்கிறேன், அப்பாவுக்குத் தெரியாது. சன்னல் வைத்த உறை, எந்த மாதிரி கடிதம் என்று எனக்கும் தெரியும் அய்யா.

ஏகேபிகே (AKPK) என்று கடனுக்கு ஆலோசனை சொல்கிற இடம் ஒன்று இருக்கிறது. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் அமைத்தது. காசு வாங்க மாட்டார்கள். உன் சம்பளம், செலவு, கடன் எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்த்து, பேங்குகளிடம் பேசி, உன்னால் கட்ட முடிகிற தவணையாக மாற்றித் தருவார்கள். கோலாலம்பூரிலேயே இருக்கிறது, ஒரு நாள் லீவு போட்டுப் போ. கம்பத்தில் ஒட்டியிருக்கிற கடன் நோட்டீஸ் நம்பருக்கு மட்டும் கூப்பிடாதே. ஆலோங் என்கிற கள்ள வட்டிக்காரனிடம் வாங்கி அதை அடைக்கலாம் என்று நினைக்கவே நினைக்காதே. நம் லயத்தில் அந்தக் கடனுக்காக ராத்திரியோடு ராத்திரியாக வீட்டைக் காலி பண்ணியவர்களை நீயும் பார்த்திருக்கிறாய்.

இன்னொன்று. மாதாமாதம் எங்களுக்குப் போடுகிற முந்நூறு வெள்ளியை நிறுத்திவிடு. கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. பின்னால் கீரையும் முருங்கையும் இருக்கின்றன, அப்பாவுக்கு மருந்து அரசாங்க கிளினிக்கில் கிடைக்கிறது. நீ வட்டிக்கு வாங்கி அனுப்புகிற காசாக இருந்தால் அது எனக்குத் தொண்டையில் இறங்காது. கடன் முடிந்த பிறகு அனுப்பு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்காரர் கேஎல் வருகிறார். நெத்திலியும் மிளகாய்த் தூளும் கொடுத்துவிடுகிறேன். கடிதங்களையும் அவரிடம் ஒட்டிக் கொடுத்து அனுப்பவா, நீயே வந்து எடுத்துக்கொள்கிறாயா? வெள்ளிக்கிழமைக்குள் போன் பண்ணிச் சொல்.

அம்மா